நாலு பேர் என்ன சொல்வார்கள்?

1893ஆம் ஆண்டு ‘விவேக சிந்தாமணி’ என்ற மாத இதழில் ஒரு குடும்பக் கதை தொடராக வரத் தொடங்கியது. எழுதியவர் வத்தலக்குண்டைச் சேர்ந்த பி. ஆர். ராஜம் ஐயர். அப்போது அவருக்கு இருபது, இருபத்தொரு வயதுதான். கதைக்கு அவர் வைத்த முழுப் பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மாதாமாதம் வந்து, 1896இல் அது புத்தகமாயிற்று. 1898இல், இருபத்தாறு வயதில், ராஜம் ஐயர் காலமானார்.

தமிழ் நாவலின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் புத்தகத்தை முதல் வரிசையில் வைப்பார்கள். தமிழ்த் தொடர்கதையின் வரலாற்றிலும், அதன் பேரப்பிள்ளையான டிவி சீரியலின் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டென்பது என் கருத்து. ஒரு வீடு, அந்த வீட்டுப் பெண்ணின் மேல் விழும் பழிச்சொல், அதனால் நொறுங்கும் குடும்பம், அடுத்து என்ன ஆகுமோ என்று ஒரு மாதம் காத்திருக்கும் வாசகர்கள். இன்றைக்கு இரவு எட்டு மணிக்கு ஓடுகிற எந்தச் சீரியலையும் இதே சொற்களால் விவரிக்கலாம். கதையில் ஊர்ப் பெண்கள் கூடி அடுத்த வீட்டு விவகாரங்களை அலசும் ‘வம்பர் மகாசபை’ ஒன்றும் வரும். அந்தச் சபையை மறந்துவிடாதீர்கள். நூறு ஆண்டுகள் கழித்து வந்த சமூக விஞ்ஞானிகள் சீரியலின் சக்தி எங்கே இருக்கிறது என்று தேடிப் போனபோது, அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஏறக்குறைய அதுதான்.

திரைக்குள் இருக்கும் ஒரு கற்பனைக் குடும்பம், திரைக்கு வெளியே இருக்கும் நிஜக் குடும்பத்தின் நடப்பை மாற்ற முடியுமா? எத்தனை குழந்தை பெற்றுக்கொள்வது, பெண்ணைப் படிக்க வைப்பதா, அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள்வதா என்பது போன்ற முடிவுகளை ஒரு கட்டுக்கதை தொட முடியுமா? முடியும் என்கின்றன ஆய்வுகள். எப்படி என்பதுதான் ஆச்சரியம்.

ஸ்பெயினிலிருந்து ஆரம்பிக்கலாம். 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியில் ‘குவென்தமே கோமோ பாஸோ’ என்ற தொடர் தொடங்கியது. ‘எப்படி நடந்தது, சொல்லு’ என்று அர்த்தம். அல்காந்தரா என்ற நடுத்தரக் குடும்பம். அப்பா அந்தோனியோ, அம்மா மெர்செதெஸ், பாட்டி எர்மினியா, பிள்ளைகள். கதை 1968இல் தொடங்குகிறது. முதல் அத்தியாயத்தில் நடக்கிற பெரிய சம்பவமே வீட்டுக்கு டிவி வருவதுதான். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி நடக்கிறது. அந்நாட்களில் ஸ்பெயினில் கணவன் அனுமதியில்லாமல் மனைவி வங்கிக் கணக்குத் தொடங்க முடியாது, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. அந்தச் சட்டம் 1975இல்தான் போயிற்று. கருத்தடைச் சாதனங்கள் மீதான தடை 1978இல் நீங்கியது. விவாகரத்து 1981இல் சட்டமாயிற்று. தொடக்கத்தில் வீட்டில் உட்கார்ந்து கால்சட்டை தைத்துக்கொண்டிருந்த மெர்செதெஸ், போகப்போகச் சொந்தமாகத் தொழில் நடத்தும் பெண்ணாக வளர்கிறாள். 23 சீசன்கள் ஓடி, 2023 நவம்பரில் தொடர் முடிந்தது. நடந்து முடிந்த மாற்றத்தை ஒரு நாடு குடும்பத்தோடு உட்கார்ந்து திரும்பிப் பார்த்துக்கொண்டது என்று இதைச் சொல்லலாம்.

இது பின்னோக்கிப் பார்க்கிற கதை. முன்னோக்கித் தள்ளுகிற கதை அதே ஸ்பானிய மொழியில், கடலுக்கு அப்பால், தென் அமெரிக்காவில் முன்னமே பிறந்துவிட்டது.

1969இல் பெரு நாட்டில் ‘சிம்ப்ளெமென்தே மரியா’ என்ற தொடர் வந்தது. மரியா கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து வீட்டுவேலை செய்கிறவள். பணக்கார இளைஞன் ஒருவனால் ஏமாற்றப்பட்டுக் கைக்குழந்தையோடு நிற்கிறாள். இரவுப் பள்ளியில் எழுத்து கற்கிறாள், சிங்கர் தையல் இயந்திரத்தில் தைக்கப் பழகுகிறாள், ஆடை வடிவமைப்பாளராக உயர்கிறாள். தொடர் ஓடிய நாடுகளில் தையல் வகுப்புகளில் சேர வேலைக்காரப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். சிங்கர் இயந்திரத்தின் விற்பனை ஏறியது. மரியாவுக்கும் அவளுடைய ஆசிரியருக்கும் நடக்கும் கல்யாணக் காட்சியை லிமா நகரத்துத் தேவாலயம் ஒன்றில் படம் பிடித்தபோது, ஆயிரக்கணக்கானோர் கல்யாண உடை உடுத்தி, கையில் பரிசோடு வந்து நின்றார்கள். இத்தனைக்கும் யாரும் திட்டமிட்டு எந்தப் பிரசாரமும் செய்யவில்லை.

மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் சபிதோ என்ற தயாரிப்பாளர் இதைப் பார்த்து யோசித்தார். தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே நடத்திக்காட்ட முடியுமா? அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் சோதனை அவருக்குத் துணையாக வந்தது. 1961இல் பண்டூரா நர்சரிக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை அது. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், தனியாக விடப்பட்டபோது அதேபோல் அடித்தார்கள். பார்க்காத குழந்தைகள் அப்படிச் செய்யவில்லை. தண்டனையோ பரிசோ இல்லாமல், வெறுமனே பார்ப்பதாலேயே மனிதர்கள் கற்கிறார்கள் என்பது அதன் சாரம்.

சபிதோ இதை வைத்து ஒரு சூத்திரம் கட்டினார். தொடரில் மூன்று வகை ஆட்கள் வேண்டும்: நல்லதைச் செய்கிறவர், கெட்டதைச் செய்கிறவர், இரண்டுக்கும் நடுவே தத்தளிக்கிறவர். பார்க்கிறவர்களின் மனசு ஒட்டிக்கொள்வது மூன்றாமவரிடம். அவர் உடனே திருந்திவிடக் கூடாது. தயங்க வேண்டும், சறுக்க வேண்டும், மெல்ல மெல்ல மாற வேண்டும். இரண்டரை மணி நேரச் சினிமாவால் இதைச் செய்ய முடியாது. மாதக்கணக்கில் ஓடும் தொடரால்தான் முடியும். 1975 நவம்பரில் தொடங்கிய ‘வென் கொன்மிகோ’ என்ற அவருடைய தொடர், படிக்கத் தெரியாத பெரியவர்கள் எழுத்து கற்பதைப் பற்றியது. ஒரு நாள் கதாபாத்திரங்கள் இலவசப் பாடப்புத்தகம் வாங்க மெக்சிகோ நகரத்திலுள்ள ஒரு நிஜ அலுவலகத்துக்குப் போவதாகக் காட்டினார்கள். மறுநாள் அந்த அலுவலகத்தின் முன் கூடிய கூட்டத்தால் நகரத்தின் போக்குவரத்தே நின்றது. தொடர் ஓடிய காலத்தில் முதியோர் கல்வியில் சேர்ந்தவர்கள் சுமார் 8.4 லட்சம் பேர். முந்தைய ஆண்டைப் போல ஒன்பது மடங்கு.

இந்தச் செய்தி இந்தியாவுக்கு வந்தது. 1983இல் மத்தியத் தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலாளராக இருந்த எஸ். எஸ். கில் மெக்சிகோவுக்குப் போய் சபிதோவின் முறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதன் விளைவுதான் 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ஹம் லோக்’. எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. குடிகார அப்பா பசேசர் ராம், பொறுத்துப் பொறுத்தே தேய்ந்துபோன அம்மா பாகவந்தி, மூன்று பெண்கள், இரண்டு பையன்கள், தாத்தா பாட்டி. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து சில நொடிகள் பேசுவார். இந்திய வீட்டு சீரியலின் தாத்தா ஒரு மெக்சிகோக்காரர் என்று சொன்னால் அதில் மிகையில்லை.

தமிழ்நாட்டில் ‘ஹம் லோக்’ அவ்வளவாக எடுபடவில்லை. வட இந்தியாவில் பார்வையாளர் விகிதம் 65 முதல் 90 சதவீதம் வரை போனபோது, தென்னிந்திய நகரங்களில் 20 முதல் 45 சதவீதத்தில் நின்றது. காரணம் இந்தி. குடும்பச் சண்டை என்பது பாஷையின் நெளிவு சுளிவுகளில் நடக்கிற விஷயம்; மாமியார் ஒரு சொல்லை இழுத்துப் பேசுவதற்குள் இருக்கிற குத்தல் புரியாவிட்டால் கதையே இல்லை.

அந்தத் தொடரை ஆராய்ந்த அரவிந்த் சிங்கலும் எவரெட் ரோஜர்சும் இன்னொரு விநோதத்தைக் கண்டார்கள். ‘இப்படி இருக்காதே’ என்று காட்டுவதற்காகவே படைக்கப்பட்டவள் பாகவந்தி. கணவன் திட்டத் திட்ட வாய் திறக்காதவள். பார்த்தவர்களில் கணிசமானோர் அவளையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். நல்ல மனைவி என்றால் அவள்தான் என்றார்கள். இவளிடம் பிறகு திரும்பி வருவோம்.

டிவி நம் பக்கத்துக்கு எப்படி வந்தது என்பதில் கொஞ்சம் பௌதிகம் இருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிவிட்டது. மதுரைச் சீமைக்கு அதனால் பயன் இல்லை. டிவி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. பூமி உருண்டை என்பதால், குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் தரை அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். அலைகள் தலைக்கு மேலே போய்விடும். எவ்வளவு தூரம் என்று கணக்கிட எளிய வாய்ப்பாடு உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வந்துவிடும். வளிமண்டலம் அலைகளைச் சற்று கீழ்நோக்கி வளைத்துவிடும் உதவியும் இந்த எண்ணுக்குள் அடக்கம். சமதரையில் 150 மீட்டர் கோபுரம் நட்டால் சுமார் 50 கிலோமீட்டர். கொடைக்கானல் மதுரைச் சமவெளியைவிட ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டால் 184 கிலோமீட்டர். கோபுரத்துக்குச் செலவழிக்க வேண்டிய உயரத்தைப் பழனி மலையே கொடுத்துவிட்டது.

எண்பதுகளில் கொடைக்கானலில் தூர்தர்ஷன் நிறுவிய உயர்சக்தி ஒளிபரப்பி தென்தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு டிவியைக் கொண்டுவந்தது. வீடுகளின் உச்சியில் ஏறிய ஆன்டெனாக்கள் எல்லாம் மலையின் திசையைப் பார்த்து நின்றன. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று கத்துவார். மலையின் மடிப்புக்குள் ஒளிந்த ஊர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. மலை அலையைத் தரவும் செய்யும், மறைக்கவும் செய்யும். பஞ்சாயத்து டிவி முன்னால் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கத் தரையில் உட்கார்ந்த தலைமுறைக்கு, ஒரு கதையை ஊரே ஒரே நேரத்தில் பார்ப்பது என்றால் என்னவென்று தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கே. பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ அப்படித்தான் பார்க்கப்பட்டது.

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது. கேபிள் வயர் ஊர் ஊராக இழுக்கப்பட்டது. 1999 டிசம்பரில் ராதிகாவின் ‘சித்தி’, 2002இல் திருமுருகனின் ‘மெட்டி ஒலி’, 2003இல் திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’. ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்களைக் கரையேற்றத் தவிக்கும் ஒரு தகப்பன், ‘கோலங்கள்’ தொடரில் கட்டடத் தொழிலில் ஆண்களோடு மோதி நிற்கும் அபி. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது.

இந்தக் கேபிள் வயர் ஊருக்குள் நுழைந்த தருணத்தைத்தான் இரண்டு பொருளியலாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர். 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு, பீகார், கோவா, ஹரியானா, டெல்லி ஆகிய பகுதிகளில் 180 கிராமங்களில் ஏறக்குறைய 2,700 குடும்பங்களிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்கள். கணவன் மனைவியை அடிப்பது எந்தச் சந்தர்ப்பத்திலாவது சரியா? அடுத்த குழந்தை ஆணாக இருக்க வேண்டுமா? கடைக்குப் போக யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

இங்கே ஆய்வுமுறையை விளக்கியாக வேண்டும். டிவி இருக்கும் ஊரையும் இல்லாத ஊரையும் ஒப்பிட்டுவிட்டு ‘டிவிதான் காரணம்’ என்று சொன்னால் அது பிழை. டிவி வரும் ஊருக்கு ரோடும் பள்ளிக்கூடமும் காசும் ஏற்கெனவே வந்திருக்கும். அதனால் இவர்கள் வேறு வழி பார்த்தார்கள். அந்த மூன்று ஆண்டுகளுக்குள் 21 கிராமங்களில் புதிதாகக் கேபிள் வந்தது. அந்த ஊர்களை, வருவதற்கு முன்னும் வந்த பின்னும், அந்த ஊர்களோடேயே ஒப்பிட்டார்கள். வருவதற்கு முன்பு அந்த ஊர்களின் போக்கு மற்ற ஊர்களைப் போலவே இருந்தது. வந்த பிறகு மாறியது. அடி வாங்குவது சரி என்று ஏற்கிற மனப்பான்மை குறைந்தது, ஆண்பிள்ளை மோகம் குறைந்தது, பெண்கள் தாமாக முடிவெடுப்பது கூடியது, பிறப்பும் குறைந்தது. இந்த மனப்பான்மைகளில் கிராமத்துக்கும் நகரத்துக்கும் இருந்த இடைவெளியில் 45 முதல் 70 சதவீதம் வரை இரண்டே ஆண்டுகளில் அடைபட்டது என்பது அவர்கள் 2009இல் வெளியிட்ட முடிவு. அதே தரவுகளை மறுபரிசீலனை செய்த வேகார்ட் இவர்சனும் ரிச்சர்ட் பால்மர்-ஜோன்சும் அவர்களின் அளவுகோல்கள் சிலவற்றைக் கேள்விக்குள்ளாக்கினார்கள்; விவாதம் நடந்தது. விஞ்ஞானம் அப்படித்தான் நடக்கும். மாற்றத்தின் அளவைப் பற்றிச் சண்டை போடலாம். திசையை நான் நம்புகிறேன், ஏனென்றால் வேறொரு கண்டத்திலும் அதே திசை தெரிந்தது.

அது பிரேசில். ‘குளோபோ’ என்ற தொலைக்காட்சியின் அலை எந்த ஆண்டு எந்த ஊரை எட்டியது என்ற பட்டியலை எலியானா லா ஃபெராராவும் அவருடைய சகாக்களும் எடுத்தார்கள். அத்தொலைக்காட்சியின் தொடர்களில் வரும் குடும்பங்கள் சின்னக் குடும்பங்கள். நாயகிகளில் பெரும்பாலோருக்குப் பிள்ளையே கிடையாது, மற்றவர்களில் பலருக்கு ஒன்றுதான். யாரும் ‘அளவான குடும்பம்’ என்று வசனம் பேசவில்லை. அலை எட்டிய ஊர்களில் பிறப்பு குறைந்தது, அதிலும் ஏழைப் பெண்களிடம் கூடுதலாக. டிவிதான் காரணம் என்பதற்கு அவர்கள் காட்டிய சாட்சி எனக்கு மிகவும் பிடித்தது: குழந்தைகளின் பெயர்கள். அந்தந்த ஆண்டின் தொடர்நாயகர்களின் பெயர், ஊரின் பிரபலமான இருபது பெயர்களுக்குள் வருவதற்கான வாய்ப்பு குளோபோ தெரிந்த ஊர்களில் 33 சதவீதம், தெரியாத ஊர்களில் 8.5 சதவீதம். தொடரின் தாக்கம் குழந்தைகளின் பெயர்களிலேயே எழுதிவைக்கப்பட்டிருந்தது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? 1956இல் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தினமும் திரையில் பார்க்கிற முகத்தோடு மனிதர்கள் ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொள்கிறார்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு நாம் யாரென்றே தெரியாது, ஆனால் நம் மனசு அதைப் பொருட்படுத்துவதில்லை என்றார்கள். சீரியல் வில்லியாக நடித்தவரைச் சந்தையில் பார்த்துத் திட்டுகிற பாட்டியைப் பார்த்து நாம் சிரிக்கக் கூடாது. பழகிய முகத்தை உறவாக எடுத்துக்கொள்ளும்படிதான் மூளை வளர்ந்திருக்கிறது. மனித வரலாற்றின் பெரும்பகுதியில் தினமும் வீட்டுக்குள் தெரிந்த முகங்கள் எல்லாம் உறவுக்காரர்களுடையவையாகத்தானே இருந்தன? 2004இல் ஊரி ஹாஸனும் அவர் குழுவும் ஐந்து பேருக்கு ஒரு கௌபாய் படத்தைப் போட்டுக் காட்டி, ஒவ்வொருவர் மூளையையும் ஸ்கேன் செய்தார்கள். தனித்தனியாகப் பார்த்தும், மூளையின் பல பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. ஒரே கதையைப் பார்க்கும் ஒரு தெருவின் மூளைகள் கொஞ்ச நேரத்துக்கு ஒத்திசைகின்றன என்று இதிலிருந்து நினைத்துப் பார்க்கலாம்.

இவ்வளவும் தனிமனிதருக்குள் நடப்பது. என்னை அசைத்துப் போட்ட ஆய்வு இன்னொன்று. ருவாண்டாவில் 1994இல் அண்டை வீட்டாரே அண்டை வீட்டாரைக் கொன்ற இனப்படுகொலைக்குப் பத்தாண்டுகள் கழித்து, ‘முசெகெவேயா’ என்ற வானொலித் தொடர் ஒலிபரப்பானது. இரண்டு கற்பனைக் கிராமங்களின் பகையும் சமரசமும் அதன் கதை. எலிசபெத் லெவி பலக் என்ற உளவியலாளர் சில சமூகங்களைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்தத் தொடரையும் மறுபகுதிக்கு உடல்நலம் பற்றிய வேறொரு தொடரையும் ஓராண்டு கேட்கச் செய்தார். முடிவில் சோதித்தபோது, கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. கலப்புத் திருமணம் சமாதானம் கொண்டுவருமா என்று கேட்டால் பழைய பதில்தான். ஆனால் ‘கலப்புத் திருமணம் வேண்டாமென்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல வேண்டுமா’ என்றால், ‘கூடாது’ என்றார்கள். நடத்தையும் மாறியது. ஆய்வின் முடிவில் ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவாக ஒரு ரேடியோப் பெட்டியும் ஒலிநாடாக்களும் பரிசாகத் தரப்பட்டன. உடல்நலத் தொடர் கேட்டவர்கள் வழக்கப்படி ஊர்த் தலைவர் கையில் கொடுத்துவிட்டார்கள். சமரசத் தொடர் கேட்டவர்கள் தங்களுக்குள்ளேயே வாதாடி, எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள்.

தொடர் அவர்கள் மனசை மாற்றவில்லை. மற்றவர்கள் எதை ஏற்பார்கள் என்ற அவர்களின் கணிப்பை மாற்றியது. நம் பாஷையில் சொன்னால், ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற கேள்விக்கான விடை மாறியது.

தமிழ் வீடுகளில் எத்தனை முடிவுகள் இந்த நாலு பேரால் எடுக்கப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பெண் மேலே படிக்க வேண்டும் என்று அப்பாவுக்கே ஆசை இருக்கும். ‘ஊர் பேசும்’ என்று நிறுத்துவார். விதவையான மகளுக்கு மறுமணம் செய்ய அம்மாவின் மனசு துடிக்கும். சம்பந்திகளின் வாயை நினைத்து அடங்குவாள். ஒவ்வொருவரும் உள்ளுக்குள் மாறியிருந்தும், மாறாதவர் மற்றவர் என்று நினைத்துக்கொண்டு பழைய வழியிலேயே போவார்கள். அந்த மௌனத்தைச் சீரியல் உடைக்கிறது. நேற்று ராத்திரி அபி செய்தது சரியா என்று பூக்கட்டிக்கொண்டே பேசுகிற பேச்சில், யாரையும் குறிப்பிடாமல், தன் வீட்டு விஷயத்தைச் சொல்லாமல், தன் கருத்தை மட்டும் சொல்லிப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரியும் அதையே நினைக்கிறாள் என்று அப்போதுதான் தெரியவரும். பலக்கின் குழுக்கள் சேர்ந்து உட்கார்ந்து கேட்டன, கேட்டபின் பேசின என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ராஜம் ஐயர் தன் கதையில் வம்பை ஒரு குடும்பத்தை அழிக்கும் ஆயுதமாகக் காட்டினார். அதே சபையில் கற்பனை மனிதர்களைப் பற்றி வம்பு பேசும்போது, அழிவுக்குப் பதிலாக ஒரு விடுதலை கிடைக்கிறது. வத்தலக்குண்டு இளைஞர் வெறுப்போடும் நகைச்சுவையோடும் தீட்டிய அந்த வம்பர் மகாசபைதான் சமூக மாற்றத்தின் ஆய்வுக்கூடம் என்பது எனக்குப் பெரும் வியப்பு.

இப்போது பாகவந்திக்கு வருவோம். எச்சரிக்கையாகப் படைத்த பாத்திரத்தையே பார்ப்பவர்கள் விரும்பிவிடுவது அவளோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய ஒரு நகைச்சுவைத் தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற நிறவெறி பிடித்த அப்பா வருவார். அவரைக் கேலி செய்வதற்காகவே எழுதப்பட்ட தொடர். 1974இல் நீல் விட்மரும் மில்டன் ரோக்கீச்சும் ஆராய்ந்தபோது, ஏற்கெனவே வெறுப்புள்ளவர்கள் ஆர்ச்சியையே ரசிப்பது தெரிந்தது. நம்மூரில் 2022இல் தொடங்கிய திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்சல்’ நினைவுக்கு வருகிறது. வீட்டு மருமகள்களை அடக்கி வைக்கும் ஆதி குணசேகரன். அவனை எதிர்த்து எழும் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. தேனி மாவட்டத்துக்காரரான ஜி. மாரிமுத்து குணசேகரனாக நடித்த விதத்தில் நாடே அவர் பின்னால் போயிற்று. மருமகள்களின் கதையாக எழுதப்பட்டதில் குடும்பத் தலைவனின் அதிகாரம் ஹீரோவாகிவிட்டது. 2023 செப்டம்பர் 8இல் அவர் மறைந்தபோது சொந்தத்தில் ஒருவர் போன மாதிரி தமிழ்நாடு துக்கப்பட்டது. மாரிமுத்து பெரிய நடிகர். அவருடைய வெற்றி ஓர் எச்சரிக்கையையும் தருகிறது: தீமைக்கு நல்ல நடிகரையும் நல்ல வசனத்தையும் கொடுத்து, நன்மைக்குக் கண்ணீரை மட்டும் கொடுத்தால், பார்ப்பவர் தீமையைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போவார்.

சீரியலுக்கு இல்லாத பெருமையையும் கொடுத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தை என்ற நிலை ‘சித்தி’ வருவதற்கு முன்பே, தொண்ணூறுகளிலேயே, நெருங்கிவிட்டது. அதைச் செய்தவை பெண்கல்வியும் மதிய உணவும் பஸ் வசதியும் கிராம சுகாதார நர்சுகளும். வத்தலக்குண்டுக்கு அடுத்த ஆத்தூர் வட்டாரத்தில் காந்திகிராமத்தார் 1959இல் தொடங்கிய சுகாதாரத் திட்டம் வீடு வீடாகப் போய்ப் பேசியே பிறப்பு விகிதத்தைக் குறைத்துக் காட்டியது. டிவி என்ற பெட்டியை அந்த ஊர்கள் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. அங்கேயும் நடந்தது பேச்சுதான்.

நம் சீரியல்கள் தொடாத இடங்களும் உண்டு. சாதியின் பெயரைச் சொல்லாமலே ஆயிரம் எபிசோடு ஓட்டிவிடுகிறார்கள். மாப்பிள்ளை சமையற்கட்டில் நிற்பதைச் சிரிப்புக்காக மட்டுமே காட்டுகிறார்கள். ருவாண்டா ஆய்வு சரியென்றால், இதற்குப் பெரிய உபதேசம் ஒன்றும் தேவையில்லை. ஒரு கலப்பு மணம் நடந்து, ஒரு மாதம் தெரு முறைத்துவிட்டு, பிறகு எதிர்வீட்டு அம்மா பலகாரத்தட்டோடு வருகிற ஒரு காட்சி போதும். மணமக்களைக் காட்டுவதைவிட அந்தத் தெருவைக் காட்டுவது முக்கியம். சீரியல் எழுதும் கதாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் அதுதான்.

இதைப் படிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கையில் ஆளுக்கொரு போன் வந்தபின் ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு கதை பார்க்கிறார்கள். கதை பார்க்கும் நேரம் கூடியிருக்கிறது, கதையைப் பற்றிப் பேசும் நேரம் குறைந்துவிட்டது. இன்று ராத்திரி சீரியல் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் இருக்கிற மகளிடமோ மருமகளிடமோ, ‘அவள் செய்தது சரியா, நீ என்ன நினைக்கிறாய்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை முழுசாகக் கேளுங்கள்.